தொட்டிக்கு எத்தனை கிலோ கல்?

கடல் மீன் வளர்க்க ஆசைப்படுகிற வீடுகளில் முதலில் எழுகிற கேள்வி மீனைப் பற்றியதாக இருக்காது. கல்லைப் பற்றியதாகத்தான் இருக்கும். 'லைவ் ராக்' என்று கடைக்காரர்கள் சொல்கிறார்களே, அந்தக் கல்லை எவ்வளவு போடுவது? பிளஸ் டூ முடித்த என் மகன் கடல் மீன்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றதில், இந்தக் கணக்கை நான் உட்கார்ந்து போட வேண்டியதாயிற்று. வீட்டுச் செலவு என் கையில்தானே இருக்கிறது!

தங்கமீன் தொட்டியில் கூழாங்கல் வெறும் அழகுக்கு. கடல் தொட்டியிலோ துப்புரவு வேலை முழுவதும் கல்லுடையது. பவளப் பூச்சிகள் கட்டிய சுண்ணாம்புக் கூடு உடைந்து கடலடியில் கிடக்கும்போது, அதன் துளைகளில் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியா குடியேறுகிறது. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா மீனுக்கே விஷம். அதை இந்தப் பாக்டீரியா முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகிறது. தோசை மாவைப் புளிக்க வைக்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை.

இப்போது அளவுக்கு வருவோம். ஒரு காலன் தண்ணீருக்கு ஒன்று முதல் ஒன்றரை பவுண்டு கல் என்பது பழைய அமெரிக்கக் கணக்கு. நம் அளவில் 100 லிட்டருக்கு 12 முதல் 18 கிலோ. எங்கள் தொட்டி 3 அடி நீளம். ஒன்றரை அடி அகலம், அதே உயரம். மணலும் மேலே விட்ட இடைவெளியும் போக, தண்ணீர் 150 லிட்டர். ஆக, 18 முதல் 27 கிலோ வரை வருகிறது. கடைக்காரரோ, "முப்பதாவே போடுங்கம்மா, நிறைய இருந்தா நல்லதுதான்" என்றார். கிலோவுக்கு விலை வைத்து விற்கிறவர் வேறு எப்படிச் சொல்வார்?

என்னைக் கேட்டால், எடை பார்த்துக் கல் வாங்குவதே சரியில்லை. கல்லு மாதிரி கனக்கிற இட்லியும் பூப்போன்ற இட்லியும் ஒன்றா? பாக்டீரியாவுக்கு வேண்டியது துளை, கனம் இல்லை. ஒரே அளவுள்ள இரண்டு கற்களைக் கையில் தூக்கிப் பாருங்கள். லேசாக, ஓட்டை ஓட்டையாக இருப்பதுதான் நல்லது. அதிகமாகப் போட்டால் அந்த அளவுக்குத் தண்ணீர் குறையும். தண்ணீர் குறைந்தால் வெப்பமும் உப்பும் சட்டென்று ஏறி இறங்கும். கல்லைச் சுவர் மாதிரி அடுக்கினால் பின்னால் அழுக்கு சேரும், நம் கை நுழையாது.

நாங்கள் 13 கிலோதான் போட்டோம். இரண்டு குன்றுகளாக, கண்ணாடியிலிருந்து நாலு விரல் தள்ளி. முதலில் கல், அதற்குப் பிறகுதான் மணல். மணல்மேல் கல்லை வைத்தால், மீன் அடியில் தோண்டும்போது சரிந்து கண்ணாடியில் மோதும். தண்ணீர், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்தால் இருநூறு கிலோவுக்குக் குறையாது. ஸ்டாண்டு உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நடுவில் தூத்துக்குடியிலிருந்து என் நாத்தனார் வீட்டுக்காரர் போன் செய்தார். "ஏம்மா, கல்லைப் போய்க் காசு குடுத்து வாங்குவாங்களா? நம்ம கடல்ல கிடக்கு. ஒரு சாக்கு நிறையக் கொண்டாரேன்" என்றார். பாசத்தில் சொன்னதுதான். ஆனாலும், "வேண்டாம் அண்ணா, அதைத் தொட்டாலே குற்றம்" என்று சொல்லிவிட்டேன். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு இருக்கிற அதே முதல் அட்டவணையில், 2001 முதல் பாறை கட்டும் பவளங்களும் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருந்தன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வருஷக் கணக்கில் பவளப் பாறையை வெட்டியெடுத்ததும் ஒரு காரணமாக, இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. பிள்ளையின் ஆசைக்காக ஒரு சாக்கு என்று நாம் ஆரம்பித்தால், நாளைக்கு எத்தனை சாக்கு?

அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். மகனுக்கு அதைவிட அதிகம். நாங்கள் வாங்கியது சுட்டெடுத்த செராமிக் கல். அதில் உயிர் கிடையாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து இரண்டு பிடி மணலை வாங்கிப் போட்டு, பாக்டீரியா பிடிக்கும் வரை காத்திருந்தோம். ஆறு வாரம்! "அம்மா, வெறும் கல்லைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கணுமா?" என்று தினமும் புலம்புவான். பரிசோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை மீன் கிடையாது என்று நான் இளகவில்லை. அவசரப்பட்டு விட்டால் மீன்தானே சாகும்?

சின்னக் குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு இதையும் சொல்லவேண்டும். பவளம் ஒட்டியிருக்கிற கல் எப்படியோ உங்கள் வீட்டில் இருந்தால், அதை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடாதீர்கள். வெந்நீர் ஊற்றித் தேய்க்கவும் வேண்டாம். பொத்தான் போலப் படர்ந்திருக்கும் சில பவள இனங்களில் 'பாலிடாக்ஸின்' என்ற கொடிய விஷம் உண்டு. ஆவியோடு மூச்சில் போனாலே ஆபத்து. 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டுஷயரில், தொட்டியிலிருந்த பவளத்தைச் சுத்தம் செய்யப்போய், ஒரே வீட்டைச் சேர்ந்த ஆறு பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று. ரப்பர் கையுறை போடாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம்.

இப்போது தொட்டியில் இரண்டு கோமாளி மீன்கள் இருக்கின்றன. கடலில் பிடித்தவை அல்ல, தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்தவை. மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் இப்படிப் பொரிக்க வைக்கும் முறையை வகுத்திருக்கிறார்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை 15 லிட்டர் தண்ணீரை மாற்றுகிறோம். மீதமான 2 கிலோ கல் மாடிப்படிக்குக் கீழே அட்டைப்பெட்டியில் கிடக்கிறது. அதையும் போட்டுவிடலாம் என்று மகன் ஆரம்பித்தால், "மீன் திரும்பறதுக்கு இடம் வேண்டாமாடா?" என்கிறார் என் மாமியார்.