வார்சோவிற் சனங்கள்

1994ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'பான்சர் ஜெனரல்' என்னும் கணினி விளையாட்டைச் சென்ற விடுமுறையில் நாமும் ஆடிப் பார்த்தோம். சதுரங்கம் போல முறைக்கு முறை ஆடுவது. 1939இல் போலந்திலே தொடங்கி, அறுகோணக் கட்டங்களின்மீது ஜேர்மன் படையை நாமே நடத்தவேண்டும்.

ஒரு போரில் தேர்ந்த படைப்பிரிவு அடுத்த போருக்கும் நம்முடன் வருவதால், அதன்மேற் பாசமே பிறந்துவிடும் என்று ஆடுவோர் மெச்சுவர். மெய்தான், பத்தாயிருந்த அதன் பலம் மூன்றாகக் குறைந்தபோது நமக்கும் நெஞ்சு பதறிற்று! குறித்த முறைகளுக்குள் ஊரைப் பிடிக்கவேண்டும் என்ற விதியைத்தான் பலர் குறை கூறுவர். அது போரன்று, வெறும் புதிர் என்பது நம் மகனுடைய கட்சி. வரலாறு கற்பிக்கும் நாம் விடுவோமா? 1941இல் மொஸ்கோவை நெருங்கிய படைக்காகப் பனிக்காலம் காத்திருந்ததோ என்று வாதாடினோம்.

அன்றிரவு வார்சோ வீழ்ந்தது. நகரின்மேற் கொடி மாறியது. நம் கணக்கிற் புள்ளிகள் ஏறின. பின்னால் நின்ற நம் அன்னையார், இடப்பெயர்வுகள் பல கண்டவர், "தம்பி, உந்த ஊரிலை சனங்கள் இல்லையோ?" என்று வினவினார்.

கட்டங்களை மீண்டும் நோக்கினோம். காலாட்படை இருந்தது, பீரங்கி இருந்தது, ஆறும் இருந்தது.

"அடுத்தது நோர்வே, அப்பா" என்றான் மகன்.