எரிமலை பாக்கப் போன கதை

"எரிமலை பாக்கப் போறோம்"னு வீட்டுல சொன்னப்போ அம்மா கேட்ட முதல் கேள்வி, "அது அணைஞ்சிருச்சா?" அணையாம இருந்தாத்தானேம்மா பாக்க நல்லா இருக்கும்னு சமாளிச்சு, காசு வாங்கி, செமஸ்டர் முடிஞ்ச கையோட ஆறு பேரும் சென்னையில ஃபிளைட் ஏறிட்டோம். அந்தமான்!

முதல் ரெண்டு நாள் ஹேவ்லாக் தீவு. 2018ல ஸ்வராஜ் த்வீப்னு பேர் மாத்திட்டாங்க, ஆனா எங்க வாயில இன்னும் ஹேவ்லாக்தான் வருது. அங்க ராதாநகர் பீச்னு ஒண்ணு இருக்கு பாருங்க... மணல் அரிசி மாவு மாதிரி. மேற்கு பாத்த கரை. மெரினா பாத்து வளர்ந்த எனக்கு சூரியன் கடல்ல இருந்து ஏறும்னுதான் தெரியும். கடலுக்குள்ள இறங்கறதை அன்னைக்குத்தான் பாத்தேன். எப்பவும் வாய் ஓயாத எங்க செட்டு பத்து நிமிஷம் கப்சிப்.

அடுத்து எரிமலை. இந்தியாவுல இப்பவும் உயிரோட இருக்கிற ஒரே எரிமலை அந்தமான் கடல்ல இருக்கிற பேரன் தீவுதான். (பேரன்னதும் தாத்தாவைத் தேடாதீங்க, அது இங்கிலீஷ். தரிசுன்னு அர்த்தம்.) ரொம்ப காலம் தூங்கிட்டு 1991ல மறுபடி எழுந்துச்சாம். ஆனா நம்மளை எல்லாம் அங்க இறங்க விடமாட்டாங்க. சரி, பாராடாங் தீவுல சேத்து எரிமலை இருக்கே, அதையாவது பாப்போம்னு முடிவாச்சு.

போர்ட் பிளேர்ல இருந்து (2024ல இருந்து ஸ்ரீ விஜயபுரம்) ராத்திரி மூணு மணிக்கே வேன்ல கிளம்பி ஜிர்காடாங் செக்போஸ்ட்ல வரிசையில நின்னோம். அதுக்கப்புறம் தனியா போக முடியாது. எல்லா வண்டியும் சேர்ந்து போலீஸ் காவலோட போகணும். நிறுத்தக்கூடாது, போட்டோ எடுக்கக்கூடாது, சாப்பாடு எதுவும் குடுக்கக்கூடாது. ஏன்னா அந்த ரோடு போறது ஜாரவா மக்களோட காட்டுக்குள்ள. மொத்தமே சில நூறு பேர்தான் அவங்க. 1990கள் கடைசி வரைக்கும் வெளியாட்களை அண்ட விடாம இருந்தவங்க. வெளியில வர ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே, 1999ல, அவங்களுக்குள்ள தட்டம்மை பரவுச்சு. நமக்கு சாதாரணமா இருக்கிற வியாதி அவங்களுக்கு எமன்.

எங்க செட்டுல 'கேமரா'ன்னு ஒருத்தன். ஏறினதுல இருந்து அவன் கேட்டது ஒண்ணுதான். "அண்ணே, இன்னைக்குத் தெரிவாங்களா?" டிரைவர் அண்ணன் பதிலே சொல்லல. நாங்க ஆறு பேரும் ஜன்னல்ல ஒட்டிக்கிட்டு வந்தோம்.

ஒரு வளைவுல ஒரு அம்மாவும் ஒரு குழந்தையும் நின்னாங்க. மொத்த வேனும் ஒரு பக்கம் சாஞ்சிருச்சு. கேமரா மடியில இருந்து ஃபோனைத் தூக்கினான். "தம்பி, கீழ வை!"ன்னு டிரைவர் போட்ட சத்தத்துல ஃபோன் கீழயே விழுந்துருச்சு. அந்த அம்மா எங்களைப் பாக்கவே இல்ல. குழந்தையோட தோளைப் பிடிச்சுக் காட்டுப் பக்கமா திருப்பி விட்டாங்க. அவ்வளவுதான், வண்டி தாண்டிருச்சு.

நான் கேமராவைப் பிடிச்சு எகிறினேன். அறிவிருக்கா, அவங்க என்ன மிருகக்காட்சி சாலையான்னு. அவன் அமைதியா திருப்பிக் கேட்டான். "நான் ஃபோன்ல பாத்தேன், நீ கண்ணால பாத்த. என்னடா வித்தியாசம்?"

எனக்குப் பதில் வரல.

எரிமலைக்கு வருவோம். சின்ன வேலி, நடுவுல சாம்பல் கலர் சேறு, அப்பப்போ 'பொளக்'னு ஒரு குமிழி. நெருப்பும் இல்ல, சூடும் இல்ல. பூமிக்கடியில மக்கிப் போனதுல உண்டாகிற வாயு, சேத்தையும் தண்ணியையும் மேல தள்ளுது. அவ்வளவுதான் விஷயம். "இதுக்கா மூணு மணிக்கு எழுப்பின?"ன்னு ஒருத்தன் கேட்டான். வேற நாளா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்போம்.

திரும்பி வரும்போதும் அதே ரோடுதான். நான் ஜன்னல் சீட்டைக் குடுத்துட்டு நடுவுல உக்காந்துக்கிட்டேன். பெரிய தியாகம் ஒண்ணும் இல்ல, அந்தக் கேள்விக்கு பயந்துதான்.

வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். ஜாரவா காட்டுக்குள்ள போற அந்த ரோட்டை மூடணும்னு சுப்ரீம் கோர்ட் 2002லயே உத்தரவு போட்டிருக்கு. 2017ல பாராடாங்குக்குக் கடல் வழியா படகு விட ஆரம்பிச்சிருக்காங்க. இதையெல்லாம் போறதுக்கு முன்னாடி தேடியிருக்கலாம். ஏஜென்ட் சொன்ன வேன் பேக்கேஜை யோசிக்காம புக் பண்ணது சாட்சாத் நானேதான்.

அதனால மக்களே, அந்தமான் கண்டிப்பா போங்க. ராதாநகர்ல சூரியன் இறங்கறதைப் பாருங்க. பாராடாங் போறதா இருந்தா கடல் வழி படகு இருக்கான்னு முதல்ல விசாரிங்க. இல்லேன்னா விட்டுருங்க. அந்தச் சேத்துக் குமிழியைப் பாக்காததால ஒண்ணும் குறைஞ்சிடாது.

கேமராவுக்கு இன்னும் நான் பதில் சொல்லல.