எட்டு வரிக் கொட்டேஷன்

பேரம் பேசத் தெரியாதவள் என்று நம் ஊரில் எந்தப் பெண்ணையும் சொல்லிவிட முடியாது. கீரைக்கட்டு இருபது என்றால் பதினைந்துக்குக் கேட்கவும், புடவைக்கடையில் எழுந்து போவதுபோல் பாவனை செய்யவும், ஆட்டோக்காரரிடம் "போன வாரம் எண்பதுதானே கொடுத்தேன்" என்று சொல்லவும் அம்மாக்களிடமிருந்தே கற்றுக்கொள்கிறோம். குடும்பத்துக்கு மிச்சம் பிடிக்கும் சமர்த்து என்று அதற்குப் பாராட்டும் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சமர்த்துக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். காய்கறி, துணி, பாத்திரம், மிஞ்சினால் ஃபிரிட்ஜ். நிலம், வீடு, கார் என்று லட்சங்களில் பேச்சு தொடங்கியதும், கொத்தமல்லியைக் கொசுறாக வாங்கிப் பழகிய அதே பெண் ஒரு நாற்காலி பின்னால் தள்ளி உட்கார வைக்கப்படுகிறாள்.

சிலப்பதிகாரம் நடத்தும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். சிலம்பு கண்ணகியுடையது. விற்கப் போனவன் கோவலன். அவள் ஆயர்பாடியில் மாதரியின் பொறுப்பில் இருந்தாள். ஊழ்வினை, பொற்கொல்லன், ஆராயாத அரசன் என்று மேடைகளில் எல்லாவற்றையும் அலசுகிறோம். பொருளின் சொந்தக்காரி கடைத்தெருவுக்குப் போகவில்லை என்பதை யாரும் அலசுவதில்லை. அந்தச் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று அவையில் சொல்லி உடைத்துக் காட்டியவள் அவள்தான். அதைச் சொல்ல அவளுக்கு இடம் கிடைத்தபோது கணவன் உயிரோடு இல்லை.

2024இல் எனக்குப் பணிமேம்பாட்டு நிலுவைத் தொகை வந்தது. பல ஆண்டுகள் கோப்பில் தூங்கிய பணம். அதோடு சேமிப்பையும் சேர்த்து ஒரு கார் வாங்குவது என்று முடிவு செய்தேன். கல்லூரிக்குப் போய்வர என்று சொல்லியிருந்தால் யாரும் புருவம் உயர்த்தியிருக்க மாட்டார்கள். நான் விரும்பியது வேறு. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை நானே கியர் மாற்றிக் கடக்க வேண்டும். அதற்கு ஏற்றாற்போல் ஒரு சிறிய காரின் ஸ்போர்ட்ஸ் பதிப்பு வந்திருந்தது. டர்போ எஞ்சின், ஆறு கியர், இருக்கைகளில் சிவப்புத் தையல், அடர்ந்த சைலன்சர் சத்தம். குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டுமே தயாரிக்கப்படும் லிமிடெட் எடிஷன் என்று அறிவித்திருந்தார்கள். கோடிகளில் விற்கும் இரண்டு இருக்கை வண்டிகளோடு ஒப்பிட்டால் இது ஸ்போர்ட்ஸ் கார் என்ற பெயருக்கு அரைகுறை உரிமை உள்ளதுதான். எனக்கு அது போதும்.

அண்ணன் உடனே சொன்னார்: "தனியாப் போகாத அம்மிணி. உன்ற தலைல மொளகா அரைச்சுப்போடுவானுக. நானும் வாரேன்."

அன்போடுதான் சொன்னார். நான் தனியாகவே போனேன்.

கோவை அவிநாசி சாலையில் ஒரு ஷோரூம். கதவைத் திறந்துவிட்ட இளைஞர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தபடி கேட்டார்: "சார் வண்டிய பார்க் பண்ணிட்டு வர்றாருங்களா மேடம்?" சார் யாரும் இல்லை என்றதும், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வரும் ஓர் இளம்பெண்ணை என்னிடம் அனுப்பினார்கள். மேலாளர் வந்து இரண்டு கேள்விகள் கேட்டார். ஒன்று, ஆட்டோமேட்டிக் பார்க்கிறீர்களா, லேடீஸுக்கு ஈஸியாக இருக்கும். இரண்டு, வீட்டில் யாரிடமாவது கலந்து பேச வேண்டியிருக்குமா. மைலேஜ், எஞ்சின், சர்வீஸ் பற்றி நான் கேட்டவற்றுக்கெல்லாம் பதில் ஒரு விளம்பரத்தாளாக வந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தபின் கொட்டேஷன் வந்தது. எட்டு வரிகள்:

எக்ஸ் ஷோரூம் விலை 12,50,000. சாலை வரி 2,25,000. டி.சி.எஸ். 12,500. காப்பீடு 71,000. ஹேண்ட்லிங் கட்டணம் 18,000. பதிவு, நம்பர் பிளேட், ஃபாஸ்டேக் 6,500. லிமிடெட் எடிஷன் ஆக்சஸரீஸ் பேக் 45,000. நீட்டிக்கப்பட்ட வாரண்டி 22,000. ஆக மொத்தம் 16,50,000.

ஒன்பதாவதாக ஒரு வரியும் உண்டு. அது தாளில் இல்லை. மேலாளர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "லிமிடெட் எடிஷனுங்க மேடம். எங்களுக்கு வர்றதே ஒண்ணு ரெண்டு. அலாட்மெண்ட்டுக்குன்னு ஒரு நாப்பது ஆகும். ரசீது வராது. இன்னிக்கே புக் பண்ணலீன்னா போயிருமுங்க."

கடைசி வாக்கியம் எனக்கு நன்றாகப் பழக்கமான வாக்கியம். இந்த வரன் தட்டிப்போனால் இனி அமையாது. இந்த வயதில் இந்த வேலை கிடைத்ததே பெரிது. இவ்வளவு தூரம் படிக்க விட்டதே பெரிது. கிடைப்பது அரிது என்று முதலில் சொல்லிவிட்டால் கேட்பவள் நிபந்தனை பேச மாட்டாள், நன்றி சொல்வாள் என்பது நம் வீடுகள் கண்டுபிடித்த வியாபாரம். சேத்தக் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு இது வேறு விதமாகத் தெரியும். அப்போது தட்டுப்பாடு உண்மையானது, அதன்மேல் கைமாறிய பிரீமியமும் ஊரறிந்தது. இன்றோ எத்தனை வண்டி தயாரிப்பது என்று முடிவு செய்து தட்டுப்பாட்டையும் சேர்த்தே தயாரிக்கிறார்கள்.

நான் புக் செய்யவில்லை. கொட்டேஷனை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த எட்டு வரிகளையும் ஒரு பாடலுக்குப் பதவுரை எழுதுவதுபோல் பிரித்துப் படித்தேன். சாலை வரி அரசு நிர்ணயித்தது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள கார்களுக்கு 18 சதவீதம். அதில் பேச எதுவும் இல்லை. டி.சி.எஸ். என்பது 10 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு விற்பவர் வசூலித்துக் கட்டும் ஒரு சதவீத வருமான வரி. அது நம் பெயரில் வரவு வைக்கப்படும், கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். காப்பீடு கட்டாயம். 2018 செப்டம்பரிலிருந்து புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்றாண்டுகளுக்கு எடுத்தாக வேண்டும். ஆனால் அதை எந்த நிறுவனத்தில், யார் வழியாக எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. வெளியில் விசாரித்தேன். அதே பாதுகாப்பு, அதே வண்டி மதிப்பு, 47,000. வண்டி ஷோரூம் வந்து சேரும் செலவு எக்ஸ் ஷோரூம் விலைக்குள்ளேயே அடக்கம். அப்படியானால் ஹேண்ட்லிங் கட்டணம் எதைக் கையாள்வதற்கு? என்னைக் கையாள்வதற்குத்தான் போலிருக்கிறது.

இதற்கு முன்பே ஒருவர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் இயன் ஏர்ஸ், சிகாகோ பகுதியின் கார் ஷோரூம்களுக்கு வெள்ளையின ஆண், வெள்ளையினப் பெண், கறுப்பின ஆண், கறுப்பினப் பெண் என்று ஆட்களை அனுப்பினார். எல்லோருக்கும் ஒரே பயிற்சி, ஒரே பேர உத்தி, ஒரே வகைக் கார். 1991இல் ஹார்வர்டு சட்ட இதழில் முடிவுகள் வெளிவந்தன. வெள்ளையின ஆணிடம் வைத்த லாபத்தைவிட வெள்ளையினப் பெண்ணிடம் 40 சதவீதம் கூடுதல். கறுப்பின ஆணிடம் இரண்டு மடங்குக்கு மேல். கறுப்பினப் பெண்ணிடம் மூன்று மடங்குக்கும் மேல். பேரம் பேசும் சாமர்த்தியத்தில் வேறுபாடு இல்லாதபோதும் விலையில் வேறுபாடு இருந்தது. அந்த ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. வந்தவர்களைப் பெரும்பாலும் அவரவர் இனத்தையும் பாலினத்தையும் சேர்ந்த விற்பனையாளரிடமே அனுப்பினார்கள், அந்த விற்பனையாளர்களே அவர்களுக்கு மோசமான விலையும் சொன்னார்கள்.

அதைப் படித்தபோது பொள்ளாச்சிப் பெண் நினைவுக்கு வந்தாள்.

நம் ஊர் ஷோரூமுக்குத் தோலின் நிறம் மட்டும் போதாது. செருப்பைப் பார்ப்பார்கள். கழுத்தில் தாலி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முகவரி கேட்கும் சாக்கில் எந்தத் தெரு, எந்த ஊர் என்று கேட்டு, அதிலிருந்து சாதியைக் கணக்குப் போடுவார்கள். நாற்பது கடந்த, பேராசிரியர் என்ற அடையாள அட்டையுள்ள எனக்கே ஒன்பதாவது வரி உண்டென்றால், முதல் சம்பளத்தில் ஸ்கூட்டர் வாங்கப் போகும் முதல் தலைமுறைப் பட்டதாரிப் பெண்ணுக்கு எத்தனை வரிகள் இருக்கும்?

இயற்பியல் துறை நண்பரிடம் ஓர் உதவி கேட்டேன். அதே ஷோரூமுக்கு அவர் போன் செய்து, அதே காருக்கு, அதே நிறத்துக்கு விலை கேட்டார். நேரில் போகவில்லை. பத்து நிமிடத்தில் அவருடைய வாட்ஸ்அப்புக்குக் கொட்டேஷன் வந்தது. முதல் மூன்று வரிகள் ஒன்றுதான். பதிவுச் செலவும் ஒன்றுதான். காப்பீடு 52,000. ஹேண்ட்லிங் என்ற வரியே இல்லை. ஆக்சஸரீஸுக்கும் வாரண்டிக்கும் நேராக 'விருப்பம் இருந்தால்' என்று எழுதியிருந்தது. மொத்தம் 15,46,000. அலாட்மெண்ட் பற்றி அவரிடம் யாரும் மூச்சு விடவில்லை.

ஒரே பொருளுக்கு எனக்கு 37,000 கூடுதல். அவரிடம் கேட்டுவிட்டுச் சேர்க்க நினைத்த 67,000 ரூபாய்ப் பொருள்களை என்னிடம் கேட்காமலே சேர்த்திருந்தார்கள். அதன் மேல் ரசீதில்லாத 40,000. எல்லாம் சேர்த்து 1,44,000. எங்கள் துறையில் வேலை செய்யும் கௌரவ விரிவுரையாளருக்கு அது ஏறத்தாழ அரை ஆண்டுச் சம்பளம்.

இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு மறுபடி போனேன். மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மேலாளர் பார்த்தார். "இது கார்ப்பரேட் ரேட்டுங்க மேடம். சாரு வேலை செய்யற எடத்துக்குக் கம்பெனி ஸ்கீம் இருக்கும்."

"நானும் அதே காலேஜ்தாங்க. அடுத்த பில்டிங்."

கொஞ்ச நேரம் கால்குலேட்டரைத் தட்டினார். பிறகு ஹேண்ட்லிங் வரி அடிக்கப்பட்டது. காப்பீட்டை வெளியில் எடுத்துக்கொள்கிறேன் என்றதற்கு, விபத்து நடந்தால் கிளெய்ம் தாமதமாகும் என்றார். அதை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன். தேவையில்லை, உங்கள் விருப்பம்போல் செய்யுங்கள் என்றார். அலாட்மெண்ட் தொகையைக் கேட்டபோது, அப்படி யாருமே சொல்லவில்லையே என்றார். ரசீதில்லாத பணத்தில் இது ஒரு வசதி. ஒரு நொடியில் அது சொல்லப்படாததாகிவிடும்.

அவர் எழுந்து போனதும் அந்தப் பெண் மெதுவாகச் சொன்னாள்: "லேடீஸ் கஸ்டமர்னா என்னையத்தான் அனுப்புவாங்க மேடம். இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ், வாரண்டி மூணும் இங்கயே போட்டாத்தான் எனக்கு இன்சென்டிவ். நீங்க கேட்டது நியாயந்தானுங்க. ஆனா இந்த மாசம் எனக்கு டார்கெட் வராது."

நான் எதிர்த்து நின்ற மேசையின் மறுபக்கம் இருந்தது இவள்தான். சம்பளம் குறைவு, அதைச் சரிக்கட்டும் தொகையோ என்னைப் போன்றவர்களிடம் எவ்வளவு கூடுதலாகக் கறக்கிறாள் என்பதைப் பொறுத்தது. இரண்டு பெண்களை எதிரெதிரே உட்கார வைத்துவிட்டு லாபம் இன்னோர் அறைக்குப் போய்விடுகிறது. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும்போது, வாங்கும் இடத்திலும் விற்கும் இடத்திலும் அளவு தவறாதவர்கள் என்கிறது. நியாய விலை என்றால் இரண்டு பக்கமும் நியாயம் என்று நான் அதற்குப் பொருள் சொல்லிக்கொள்கிறேன். நண்பருக்குச் சொன்ன விலைக்குக் கீழே ஒரு ரூபாயும் நான் குறைத்துக் கேட்கவில்லை. வாரண்டி எனக்கு உண்மையிலேயே தேவைப்பட்டது. அதன் விலை நிறுவனம் அச்சிட்டதுதான் என்று சரிபார்த்துவிட்டு, அவள் பெயரிலேயே போடச் சொன்னேன். மொத்தம் 15,63,000க்கு வண்டி வந்தது. முதலில் கேட்டதைவிட 1,27,000 குறைவு.

"பரவால்ல, கெட்டிக்காரிதான்" என்றார் அண்ணன். கெட்டிக்காரத்தனம் என்று சொல்லும்போது அது என் தனித்திறமையாகிவிடுகிறது, திறமை இல்லாதவள் ஏமாறுவது அவள் குறையாகிவிடுகிறது. நான் செய்தது இரண்டு தாள்களை ஒப்பிட்டது மட்டும். ஒரு நண்பர் உதவாமலிருந்தால் அதுவும் நடந்திருக்காது. ஆண்கள் டீக்கடையில், அலுவலகத்தில், கிரிக்கெட் மைதானத்தில் "நீ எவ்வளவுக்கு எடுத்தே?" என்று ஒருவரையொருவர் சாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கேள்வியே அவர்களுடைய பேர பலம். நாம் புடவை விலையைக் கேட்டுக்கொள்கிறோம். சம்பளத்தையும் கடன் வட்டியையும் கார் விலையையும் கேட்டுக்கொள்வதில்லை.

அந்த இரண்டு தாள்களிலும் பெயர்களை மறைத்துவிட்டு முதுகலை மாணவிகளுக்குக் காட்டினேன். தமிழ் வகுப்பில் இதற்கென்ன வேலை என்று ஒருத்தியும் கேட்கவில்லை. விலையை வரிவரியாக எழுத்தில் கேளுங்கள், குறைந்தது மூன்று இடத்தில் கேளுங்கள், எந்த வரி அரசுக்கு, எந்த வரி கடைக்கு என்று பிரியுங்கள், சேஸிஸ் எண்ணைக் கொண்டு வண்டி எந்த ஆண்டு செய்தது என்று பாருங்கள், ரசீது தராத பணத்தைத் தராதீர்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டேன்.

சென்ற மாதம் பழைய மாணவி ஒருத்தி ஒரு படம் அனுப்பினாள். தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறாள். எலக்ட்ரிக் ஸ்கூட்டருக்கான கொட்டேஷன். ஆறு வரிகள். ஐந்தாவது வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: "அம்மா, இது எதுக்குன்னு கேட்டேன். பதில் சொல்லத் தெரியல. எடுத்துட்டாங்க."