எது இன்னும் வேலை செய்கிறது?

முதலில் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கக் கூடாது.

போன மாதம் ஒரு ராத்திரி எங்கள் வீட்டு சமையலறையில் ஒரே கேஸ் நாற்றம். அம்மா, அப்பா ரெண்டு பேரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நான்தான் பெரியவன். "ஐயோ" என்று கத்திக்கொண்டே இருட்டில் லைட் சுவிட்சைத் தேடினேன். "அண்ணா, லைட்டப் போடாத!" என்று தங்கச்சி என் கையைத் தட்டிவிட்டாள். ஆறாம் வகுப்புதான் படிக்கிறாள். ரெகுலேட்டரை மூடியது அவள், ஜன்னலைத் திறந்தது அவள். எனக்கும் இதெல்லாம் தெரியும். ஆனால் பயத்தில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

அந்த வெட்கத்தோடு இருந்தபோதுதான் குவாண்டாஸ் 32 விமானத்தைப் பற்றிப் படித்தேன். 2010 நவம்பர் 4-ம் தேதி, சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குக் கிளம்பிய ஏ380 விமானம். உள்ளே 469 பேர். கிளம்பிச் சில நிமிஷங்களில், இந்தோனேசியாவின் பத்தாம் தீவுக்கு மேலே 'டமார், டமார்' என்று ரெண்டு சத்தம்! நாலு இன்ஜின்களில் ஒன்று வெடித்துவிட்டது. உள்ளே ஒரு சின்ன எண்ணெய்க் குழாயைச் சரியாகச் செய்யாததுதான் காரணம். தெறித்த துண்டுகள் இடது இறக்கையைத் துளைத்து, ஏகப்பட்ட வயர்களை அறுத்துவிட்டன. எரிபொருள் ஒழுகுகிறது.

நானாக இருந்தால் உடனே கீழே இறக்கப் பார்த்திருப்பேன். கேப்டன் ரிச்சர்ட் டி கிரெஸ்பினி அப்படிச் செய்யவில்லை. முதலில் விமானத்தை ஒரே உயரத்தில் நிலையாகப் பறக்க வைத்தார். அவர் ஓட்ட, மற்றவர்கள் பட்டியலைப் படித்தார்கள். அன்றைக்கு விமானி அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஏ380-ல் கோளாறும் அதற்குச் செய்ய வேண்டியதும் திரையிலேயே வரும். ஒன்றை முடித்தால் அடுத்தது, அதை முடித்தால் இன்னொன்று. இப்படி ஏறக்குறைய 50 நிமிஷம் வானத்திலேயே! எரிபொருளோடு விமானம் கனமாக இருக்கிறது, பிரேக்கும் முழுதாக வேலை செய்யவில்லை. எது மிச்சம் என்று தெரியாமல் இறங்கினால் ஓடுபாதை போதாமல் போகலாம்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இனிமேல்தான். எரிபொருளை ஒரு டேங்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொன்னது பட்டியல். இறக்கையே ஓட்டையாக இருக்கும்போது அது சரிவருமா என்று சந்தேகப்பட்டு, அதை மட்டும் செய்யாமல் விட்டார்கள். கெட்டுப்போனதை எண்ணி எண்ணித் தலை சுற்றியதும், 'எது இன்னும் வேலை செய்கிறது?' என்று கேப்டன் திருப்பி யோசித்தாராம்.

சிங்கப்பூரிலேயே இறங்கி, ஓடுபாதை முடிய சுமார் 150 மீட்டர் இருக்கும்போது விமானம் நின்றது. அப்பாடா என்று நினைக்கிறீர்களா? இல்லை! இன்னொரு இன்ஜினை அணைக்க முடியவில்லை. தீயணைப்பு வீரர்கள் நுரையையும் தண்ணீரையும் அடித்து அதை நிறுத்த ஏறக்குறைய 3 மணி நேரம் ஆனது. பக்கத்திலேயே சூடான பிரேக், ஒழுகும் எரிபொருள். அதனால் பயணிகளை அவசரப்பட்டுக் குதிக்கச் சொல்லாமல், உள்ளேயே உட்காரவைத்து, பிறகு படிக்கட்டு வழியாக இறக்கினார்கள். விமானத்தில் இருந்த ஒருவருக்கும் காயமில்லை.

சில வேலைகளுக்குப் பட்டியலைத் தேட நேரம் இருக்காது. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்தால் ஆக்சிஜன் முகமூடியை உடனே மாட்டிக்கொள்ள வேண்டும். அதையெல்லாம் விமானிகள் மனப்பாடமாக வைத்திருப்பார்கள், சிமுலேட்டரில் திரும்பத் திரும்பச் செய்தும் பார்ப்பார்கள். தங்கச்சியிடம் "உனக்கு மட்டும் எப்படி ஞாபகம் வந்தது?" என்று கேட்டேன். தீயணைப்புக்காரர்கள் வந்தபோது அவள்தான் முன்னே போய் ரெகுலேட்டரை மூடிக் காட்டினாளாம். நான் வெறும் அட்டையில் படித்தவன்!

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி சமையலறைக் கதவில் ஒட்டினேன். சுவிட்சைத் தொடாதே. ரெகுலேட்டரை மூடு. கதவு, ஜன்னலைத் திற. 1906-க்குப் போன் செய்.

தங்கச்சி வந்து படித்தாள். பேனாவை வாங்கி, கடைசி வரிக்கு முன்னால் 'வெளியே போய்' என்று சேர்த்துவிட்டுப் போய்விட்டாள்.