மறைப்பு

'பிரைவசி' என்ற சொல்லை நாம் ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம்! யாராவது செல்போனை எட்டிப் பார்த்தால், "டேய், பிரைவசி இல்லையா?" ஹாஸ்டலில் பக்கெட்டை எடுத்தால்கூட அதே சொல்தான். (பக்கெட்டுக்கு என்ன பிரைவசியோ!)

வீட்டில் நான் அதைச் சொன்னது ஒரே ஒரு தடவை.

இரண்டாம் பருவத்தில் எனக்கு அட்டெண்டன்ஸ் குறைந்து, வீட்டுக்குக் கடிதம் போனது. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரிடம் கொடுத்திருக்கிறார். அவர் சத்தமாகவே வாசித்துவிட்டார். 19 நாள் வரவில்லை என்று பெஞ்சில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. "படிக்கப் போன பிள்ளை ஊர் சுத்துது" என்று பேச்சு. உண்மையில் அந்த நாட்களில் நான் கல்யாண மண்டபங்களுக்குப் பந்தி பரிமாறப் போனேன், பரீட்சைக் கட்டணத்துக்காக. யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் கத்தினேன். "என் விஷயத்தை ஊர் முன்னாடி ஏன் படிக்கச் சொன்னீங்க? எனக்குன்னு ஒரு பிரைவசி கிடையாதா?"

"அப்படின்னா என்னப்பா?" என்றார் அப்பா.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தனிமை என்றால் துணையில்லாமல் இருப்பது. அந்தரங்கம் என்றால் ஏதோ தப்பு செய்து ஒளிப்பதுபோல் இருக்கிறது. அடுப்படியிலிருந்து அம்மாதான் சொன்னாள்: "அவன் மறைப்புக் கேக்குறான்."

எங்கள் வீடு ஒரே அறை. குளிப்பது கொல்லையில், கீற்றுத் தட்டிக்குப் பின்னால். மழையில் தட்டி இற்றுப்போனால், மாற்றும் வரை அம்மா விடிவதற்கு முன்பே குளித்துவிடுவாள். அவளுக்கும் மறைப்பு வேண்டும் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை அடுத்தவன் கையில குடுக்க எனக்கு மட்டும் ஆசையாப்பா?" என்றார். பந்தி விஷயத்தை அன்றைக்குத்தான் சொன்னேன்.

அப்புறம் ஒரு நாள் நூலகத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 1994-இல், ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய வழக்கில், ஒருவரை அவர்பாட்டில் இருக்க விடும் உரிமை என்று உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. 2017 ஆகஸ்ட் 24 அன்று 9 நீதிபதிகள் ஒருமனதாக, இது அடிப்படை உரிமை என்றே தீர்ப்புக் கூறினார்கள். எனக்கு அம்மாவின் கீற்றுத் தட்டிதான் ஞாபகம் வந்தது.

இப்போதெல்லாம் எந்தக் கடிதம் வந்தாலும் அப்பா பிரிக்காமல் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்துவிடுகிறார். சனிக்கிழமை நான் போய் வாசிக்கிறேன். போன மாதம் வந்தது நகைக்கடன் நோட்டீஸ். பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். குரலைத் தாழ்த்தித்தான் வாசித்தேன்.