கண்டதை மட்டும் வரைக

தொடக்கக்கல்லூரியில் உயிரியல் பயிலும் மாணவர்களுக்கு விதிமுறைகள் பல உண்டு. ஆய்வுக்கூடத்தில் உணவு உண்ணக்கூடாது. அறிக்கையை உரிய நாளில் ஒப்படைக்க வேண்டும். கூரிய பென்சிலால், நிழல் தீட்டாமல் படம் வரைய வேண்டும். இவற்றுள் என் மனத்தில் ஆழமாகப் பதிந்தது, “கண்டதை மட்டும் வரைக” என்னும் விதியே.

நான் படித்த காலத்தில், ஒருநாள் வெங்காயத்தின் உள்தோலை நுண்ணோக்கியில் ஆராய்ந்தோம். அயோடின் கரைசல் இட்டதும் உயிரணுக்களின் சுவரும் உட்கருவும் தெளிவாகத் தெரிந்தன. என் தோழியோ பச்சைநிறப் பசுங்கணிகங்களையும் சேர்த்து அழகாக வரைந்திருந்தாள்.

“இவற்றை நீ பார்த்தாயா?” என்று ஆசிரியர் கேட்டார்.

“பாடநூலில் இருக்கின்றனவே, ஐயா!” என்றாள் அவள்.

“பாடநூல் காட்டுவது இலையின் உயிரணு. உன் கண்முன் இருப்பது வெங்காயம். ஒளி படாத அதன் உள்தோலில் பசுங்கணிகம் ஏது?” என்றார் ஆசிரியர். தோழி மீண்டும் குனிந்து பார்த்தாள்; பிறகு அவற்றை அழித்தாள்.

மருத்துவமனையில் இரத்தத்தைச் சோதிப்பவர், கண்டதை விட்டுவிட்டு எதிர்பார்த்ததை எழுதினால் என்ன ஆகும்? நோயாளிக்குத் தவறான சிகிச்சை கிடைக்கக்கூடும். அறிவியலில் நேர்மை, பென்சிலைக் கையில் எடுக்கும்போதே தொடங்குகிறது.