பேராலயமும் ஆட்டுக்கொட்டிலும்



ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் உள்ள சிறுநகரமான எல்ஜினுக்குச் சென்றால், முதலில் பேராலயத்தின் இடிபாடுகளையே காண்பீர்கள். ‘வடக்கின் விளக்கு’ எனப் புகழ்பெற்ற ஆலயம் அது. 1390-இல், ஆயர் தன்னைத் திருச்சபையிலிருந்து விலக்கியதால் சினமுற்ற மன்னர் மகன் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் அதற்குத் தீயிட்டான். மக்கள் மீண்டும் கட்டினார்கள். ஆனால் 1560-இன் சமயச் சீர்திருத்தத்திற்குப்பின் கட்டுவாரில்லை. கூரையின் ஈயத்தகடுகள் கழற்றப்பட்டன. 1711-இல் நடுக்கோபுரமும் சரிந்தது. தீயால் அழியாதது கைவிடப்பட்டதால் அழிந்தது.

அங்கேயே நின்றுவிடாதீர்கள். கிழக்கே ஃபொக்கபர்ஸைக் கடந்து டைனட் செல்லுங்கள். கத்தோலிக்க வழிபாடு சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், 1755-இல், அங்கே ஒரு கோயில் எழுந்தது. நீண்டு தாழ்ந்த கட்டடம், கோபுரமில்லை. வழிப்போக்கர் கண்ணுக்கு அது ஆட்டுக்கொட்டில், உள்ளே திருப்பலி.

பின்னர் எல்ஜினுக்குத் தென்மேற்கே புளஸ்கார்டன் மடத்தைக் காணுங்கள். மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் 1230-இல் நிறுவிய மடம். அதுவும் பாழடைந்தது, எனினும் 1948-இல் பெனடிக்ட் சபைத் துறவியர் அந்த இடிபாடுகளுக்கே திரும்பி வந்தனர். இன்று அங்கே இலத்தீன் வழிபாட்டுப் பண் ஒலிக்கிறது.

அயல்நாடுகளில் இரவல் ஆலயங்களில் தமிழ்த் திருப்பலிக்குக் கூடும் நாம், சொந்தக் கோயில் இல்லையே என வருந்துகிறோம். டைனட் மக்களுக்கு இருந்தது கொட்டில்தான். ஆயினும் அவர்கள் பிள்ளைகளையும் அழைத்து வந்தார்கள். வரும் ஞாயிறன்று நீங்களும் உங்கள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.

இறையாசீர் உங்களோடு இருப்பதாக.